ஐந்து ஃப்ரிட்ஜ் உள்ள வீட்டுக்குக் கட்டணச் சலுகை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை, அரைப் பக்க அறிக்கையாகப் பிறந்தது. என் மகன் படிக்கும் தனியார் பள்ளியில் கட்டணச் சலுகைக் குழு என்று ஒன்று உண்டு. சலுகை கேட்டவர்களின் வீட்டுக்கே போய், கஷ்டம் நிஜம்தானா என்று பார்த்துவிட்டு வருவது அதன் வேலை. பெற்றோர் சார்பில் என்னைப் போட்டார்கள். “நீங்க கதையெல்லாம் எழுதுறவர்தானே, அரைப் பக்கம் எழுதிக் குடுக்க மாட்டீங்களா?” என்றார் தலைமை ஆசிரியை. எனக்கு எழுத வராதது அந்த அரைப் பக்கம்தான் என்பது பாவம் அவருக்குத் தெரியாது.

உட்கார்ந்து பதினோரு நாளாகிறது. நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அந்த அறிக்கைதான். கொஞ்சம் கைமீறிப் போய்விட்டது.

2

முதல் தொடக்கம்: “மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், ஒழுகும் கூரையின் கீழ் ஒரு சிறுமி…”

[மழை பெய்யவில்லை. கூரையும் ஒழுகவில்லை. சலுகை கேட்கிற வீடென்றால் கூரை ஒழுகியாக வேண்டும் என்று என் பேனாவுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ.]

இரண்டாம் தொடக்கம்: “இன்றைய பொருளாதார நெருக்கடி நடுத்தர வர்க்கத்தின் மீது…” [முடிப்பதற்குள் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.]

மூன்றாம் தொடக்கம், நடந்தபடியே: வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் மெக்கானிக். கடை வாடகை கட்டுப்படியாகாமல் வேலையை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். காலம் மோசமாக இருப்பதால் யாரும் புதிதாக வாங்குவதில்லை, பழையதைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அதனால் வேலைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் வேலை முடிந்ததும் கூலியைக் கொடுத்துப் பொருளை எடுத்துப்போக வேண்டும் அல்லவா? அங்கேதான் சிக்கல். “அடுத்த மாசம் வந்து எடுத்துக்கறேன்” என்று சொன்னவர்கள் அடுத்த மாதம் அந்தத் தெருப்பக்கமே தலைகாட்டுவதில்லை. வீடு நிரம்பிக்கொண்டே வந்தது. ஊரில் கஷ்டம் கூடக்கூட அந்த வீடு பார்வைக்குப் பணக்கார வீடாகிக்கொண்டே போனது.

அவருக்கு ஒரே மகள், ஒன்பதாம் வகுப்பு. சலுகை கிடைக்காவிட்டால் பத்தாம் வகுப்பில் அவள் அந்தப் பள்ளியில் இருக்க மாட்டாள்.

3

இந்தப் பகுதி நடந்தபோது நான் அங்கே இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். இதற்குக்கூட உரிமை இல்லையென்றால் அப்புறம் எதற்கு எழுத்தாளன்?

குழு வருகிறது என்று தெரிந்த காலையில் மெக்கானிக்கின் மனைவி கூடத்தின் நடுவில் நின்று எண்ணிப் பார்த்தாள்.

“அஞ்சு ஃப்ரிட்ஜு, மூணு வாஷிங் மெஷினு. பார்க்கறவங்க என்னங்க நெனைப்பாங்க?”

“நம்மளுது இல்லன்னு சொல்லிடுவோம்.”

“நீங்க சொன்னா நானே நம்ப மாட்டேன். அவங்க நம்புவாங்களா?”

வீட்டிலிருந்த போர்வைகள் எல்லாம் வெளியே வந்தன. போதாமல் பக்கத்து வீட்டிலும் இரண்டு வாங்கினாள்.

4

என்னோடு வந்தவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. பள்ளியில் அவரை எல்லோரும் ரூல்ஸ் என்றுதான் சொல்வார்கள்.

[முதல் பிரதியில் இவருக்கு ஈவிரக்கமில்லாத கண்களையும் ஒரு தினுசான சிரிப்பையும் கொடுத்திருந்தேன். நிஜத்தில் வாசலில் கழற்றிய செருப்பைக் குனிந்து நேராக வைத்துவிட்டு உள்ளே போகிற மனிதர். வில்லனாக்கினால் என் வேலை சுலபமாகிவிடும். அதனாலேயே அடித்துவிட்டேன்.]

கூடத்தில் எட்டு உருவங்கள் போர்வை போர்த்திக்கொண்டு நின்றன. சும்மா நின்றிருந்தால் ரூல்ஸ் கவனித்திருப்பாரோ என்னவோ, போர்த்தி நின்றதால் கை பரபரத்தது.

“இது என்னம்மா?”

“அதுங்களா… தூசி படாம இருக்கட்டும்னு…”

தூக்கினார், ஃப்ரிட்ஜ். அடுத்ததைத் தூக்கினார், அதுவும் ஃப்ரிட்ஜ். மூன்றாவதும் அதுவே.

[நான்காவது போர்வையைத் தூக்கியதும் மாமனார் எழுந்து உட்கார்ந்தார் என்று எழுதியிருந்தேன். நன்றாகத்தான் வந்திருந்தது. அந்த வீட்டில் மாமனார் கிடையாது என்பதால் மனசில்லாமல் நீக்குகிறேன்.]

மெக்கானிக் இந்த இடத்தில் தலைகுனிந்து நின்றிருக்க வேண்டும். கதைக்கும் நல்லது, விண்ணப்பத்துக்கும் நல்லது. ஆனால் தொழில்காரனுக்கு வாய் சும்மா இருக்குமா?

“சார், இதோட கம்ப்ரஸர் செத்தே போச்சு. வேற ஆளா இருந்தா பழைய இரும்புக்குப் போடச் சொல்லியிருப்பான். இப்ப உள்ள கைய விட்டுப் பாருங்க, ஜில்லுன்னு இருக்கும்!”

மனைவி அவர் முதுகில் கிள்ளினாள். அவர் அதை உற்சாகப்படுத்துவதாக எடுத்துக்கொண்டு இரண்டாவது ஃப்ரிட்ஜையும் ஓடவிட்டார். ரூல்ஸ் குறித்துக்கொண்டார்: “எல்லாம் நல்ல நிலையில் உள்ளன.”

குடிக்கத் தண்ணீர் வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு ரூல்ஸ் நிமிர்ந்தார். “அஞ்சு ஃப்ரிட்ஜ வெச்சுக்கிட்டு வெதுவெதுன்னு தண்ணி குடுக்கறீங்களே?”

“அடுத்தவங்க ஃப்ரிட்ஜுல நம்ம தண்ணிய வைக்கலாங்களா சார்?” என்றாள் அந்த அம்மா. அவளுக்கு அது ஒரு கேள்வியே இல்லை.

ஐந்தாவது ஃப்ரிட்ஜை மகளே திறந்து காட்டினாள். இனி தேறாது என்று உடையவர்களே விட்டுப்போன பெட்டி அது. மேல்தட்டில் கணக்கு, நடுத்தட்டில் அறிவியல், காய்கறிப் பெட்டியில் போன வருட நோட்டுகள், முட்டைக் குழிகளில் ரப்பரும் பென்சில் துண்டுகளும்.

“ஏன்மா, அந்த ஸ்கூல்லயேதான் படிக்கணுமா?” என்று கேட்டார் ரூல்ஸ்.

“அங்க லேப் இருக்கு சார். கணக்கு மிஸ் புரியற வரைக்கும் விட மாட்டாங்க. அப்புறம் என் ஃப்ரெண்டு இருக்கா.”

“ஃப்ரெண்டெல்லாம் ஒரு காரணமா?”

“சாருக்கு ஃப்ரெண்டே இருந்ததில்லையா?”

நான் சிரித்துவிட்டேன். ரூல்ஸும் சிரித்தார், ஆனால் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

5

இதுவரை ஒன்றை மறைத்துவிட்டேன். நான்கு பகுதி தள்ளிப்போட்டதற்கு மன்னியுங்கள்.

கடைசிப் போர்வையை விலக்கிவிட்டு ரூல்ஸ் கேட்டார்: “இந்த வாஷிங் மெஷின் யாருது?”

மெக்கானிக் என்னைப் பார்த்தார். கண்ணை எடுத்துவிட்டுச் சொன்னார்: “அது ஒரு டீச்சர் வீட்டுதுங்க. வெளியூர் போயிருக்காங்க.”

அது என்னுடையது.

ஏழு மாதத்துக்கு முன் கொடுத்தேன். ஒரே வாரத்தில் சரிசெய்துவிட்டார். அந்த வாரம்தான் என் மகனின் கட்டணம் கட்டக் கடைசி நாள். “அடுத்த மாசம் வந்து எடுத்துக்கறேன்” என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். ஏழு மாதமாக நாங்கள் கையால்தான் துணி துவைத்தோம்.* விண்ணப்பம் ரூல்ஸின் கையிலேயே இருந்ததால், தெருமுனை திரும்பிய பிறகுதான் யார் வீட்டுக்குப் போகிறோம் என்று தெரிந்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அந்தப் பொருட்கள் அந்த வீட்டினுடையவை அல்ல என்பதற்குச் சாட்சி பக்கத்திலேயே நின்றிருந்தது. சொல்லவில்லை. என் மானத்தைக் காப்பாற்ற, தன் மகளுக்கு உதவியிருக்கக்கூடிய ஒரே சாட்சியை விட்டுக்கொடுத்தார். வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

* என் மனைவி இந்த இடத்தில் ஒரு திருத்தம் சேர்க்கச் சொல்கிறாள்: ஏழு மாதமும் துணி துவைத்தது ‘நாங்கள்’ அல்ல, அவள்.

6

முடிவு (அ): எழுத்தாளன் ஓடிப்போய்க் கூலியைக் கொடுத்துத் தன் மெஷினை எடுக்கிறான். அதைப் பார்த்து ஊரே தள்ளுவண்டிகளோடு கிளம்பி வருகிறது. கூடம் காலியாகிறது, கட்டணம் முழுசாகக் கட்டப்படுகிறது. [முதல் வாக்கியம் நிஜம். வரவேண்டிய சன்மானம் ஒன்றைச் சண்டை போட்டு வாங்கி, நேற்றுப் போய் எடுத்துவந்தேன். “இப்ப என்ன சார் அவசரம்?” என்றார் மெக்கானிக். மற்ற வண்டிகள் இன்னும் வரவில்லை.]

முடிவு (ஆ): ரூல்ஸின் மனம் உருகிவிடுகிறது. [இன்று காலை எல்லாவற்றையும் அவரிடம் ஒப்புக்கொண்டேன். “அன்னிக்கே எனக்கு மனசு உருகிடுச்சுங்க. ஆனா மனசு உருகுச்சுன்னு எழுத ஃபாரத்துல எடமில்லையே” என்றார்.]

முடிவு (இ): நானே ‘பரிந்துரைக்கிறேன்’ என்று கையெழுத்துப் போடுகிறேன். [முடியாது. சம்பந்தப்பட்டவர் கையெழுத்திடக் கூடாது என்பது விதி. மீறிப் போட்டால், நான் பட்ட நன்றிக்கடனைப் பள்ளியின் காசில் தீர்த்த மாதிரி ஆகும்.]

7

குழுவில் மூன்றாவதாக ஒருவர் இருந்தார். போன மாதம் அவரே சலுகைக்கு விண்ணப்பித்துவிட்டதால் விலகிவிட்டார். நாற்காலி காலியாக இருக்கிறது. “அங்க யார் வந்து உக்காந்தாலும் சரி, அவங்க சொல்றதுக்கு நானும் கையெழுத்துப் போடறேன்” என்று ரூல்ஸ் வாக்குக் கொடுத்திருக்கிறார். யாரைப் போடலாம் என்று தலைமை ஆசிரியை கேட்டபோது, எனக்குத் தெரிந்த ஒருவர் இதை முழுசாகப் படித்துவிட்டு வருவார் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆம், உங்களைத்தான்.

உள்ளே வருமுன் ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள். பழுதுபார்க்கவோ தைக்கவோ கொடுத்துவிட்டு, வேலை முடிந்தும் போய் எடுக்காமல் விட்ட பொருள் உங்களுக்கு எங்கேயாவது இருக்கிறதா? இருந்தால் நீங்களும் சம்பந்தப்பட்டவர்தான். உடனே முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம். கூட்டம் நாளை மறுநாள் காலை பத்து மணிக்குத்தான்.

முதலில் போய் அதை எடுத்துவிட்டு வாருங்கள். அதுவரை நாற்காலியில் யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்கிறேன்.