கையின் கனம்

எங்கள் ஐ.சி.யூவில் எனக்கு உடும்பு டாக்டர் என்று பெயர். பிடித்தால் விடமாட்டேனாம். காதில் விழாததுபோல் நடந்துகொண்டாலும் உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான். பன்னிரண்டு வருடம் பெரியவர்களுக்கு வைத்தியம் பார்த்தவன். குழந்தைகள் பிரிவுக்கு வந்து நான்கு மாதம்தான். கழுத்து நரம்பில் டியூப் வைப்பதில் சின்னக் கழுத்தென்ன பெரிய கழுத்தென்ன என்று சொல்லித் திரிந்தேன்.

அன்று காலை நுழையும்போதே வெளி பெஞ்சில் அந்தத் தாயைப் பார்த்தேன். போன வாரம் என் கையில் இறந்துபோன ஒன்பது மாதக் குழந்தையின் தாய். சிகிச்சைத் தாள்களை வாங்க வந்திருந்தார். "பத்து நிமிஷம்மா," என்றேன். அது ஒன்றரை மணி நேரமானது.

காரணம், மூன்றாம் கட்டிலில் ஏழு மாதப் பெண் குழந்தை. ரத்தத்தில் கிருமி கலந்து, ரத்த அழுத்தம் விழுந்துகொண்டே இருந்தது. கையில் போட்டிருந்த ஊசியிலிருந்து மருந்து தோலுக்கடியில் கசிந்து, கை வீங்கிவிட்டது. இனி கழுத்தின் பெரிய ரத்தக்குழாயில் டியூப் வைத்தால்தான் மருந்து இதயத்துக்குப் போகும்.

ஸ்கேன் கருவியைக் கழுத்தில் வைத்தேன். திரையில் ஒரு கறுப்பு வட்டம் துடித்தது. அது தமனி, அதைக் குத்தக் கூடாது. பக்கத்தில் இருக்க வேண்டிய இன்னொரு வட்டத்தை, டியூப் வைக்க வேண்டிய நரம்பைக் காணோம். படம் தெளிவாகட்டும் என்று இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். இல்லை. மறுபக்கமும் இல்லை.

"இதுக்கும் நரம்பு இல்ல. போன வாரக் குழந்தை மாதிரியே தண்ணி வத்தி மூடிக்கிச்சு," என்றேன். "கால் எலும்புக்குள்ள ஊசி குத்தி மருந்த ஏத்திடலாம். ஊசிய எடு."

எதிரே நின்றவள், சேர்ந்து பதினோரு நாளான நர்ஸ். வந்தாலும் போனாலும் சத்தமே கேட்காது என்பதால் பஞ்சு என்று கூப்பிடுவோம்.

"டாக்டர், கையக் கொஞ்சம் லேசா வைங்க."

"லேசாத்தாம்மா வச்சிருக்கேன். எடுன்னா எடு."

அவள் எடுக்கவில்லை. கையுறை போட்ட இரண்டு விரலை என் மணிக்கட்டுக்கு அடியில் கொடுத்து, நூலளவு தூக்கினாள்.

தமனிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. அது மெல்ல விரிந்து வட்டமானது.

மறுபடி அழுத்தினேன். மறைந்தது. கையைத் தளர்த்தினேன். வந்தது.

"டாக்டர், பிரஷர் இன்னும் இறங்குது," என்றாள் பஞ்சு.

ஊசி, கம்பி, டியூப், எல்லாம் ஐந்தே நிமிடம். மருந்து ஏறியது, கால் மணி நேரத்தில் மானிட்டரில் எண்களும் ஏறின. கை கழுவப் போனவன் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றேன். போன வாரக் குழந்தையின் கழுத்தில் இருபத்தைந்து நிமிடம் இதே கையால் தேடியிருக்கிறேன். எலும்புக்குப் போவதற்குள் இதயம் நின்றுவிட்டது. பிறகு அந்தத் தாயிடம் போய், "தண்ணி வத்திப் போனப்புறம் கொண்டு வந்திருக்கீங்க, நரம்பே கிடைக்கலம்மா," என்று வேறு சொன்னேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் ஒரு குழந்தையின் உடம்பைக் கோணல் என்றிருக்கிறேன்.

"அந்தம்மா இன்னும் உக்காந்திருக்காங்க. பேப்பரக் குடுத்து அனுப்பிடட்டுமா?" என்று பஞ்சு கேட்டாள்.

"வேண்டாம், நானே போறேன்."

என்னைப் பார்த்ததும் அந்தத் தாய் எழுந்தார். உட்காரச் சொல்லி, நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு நரம்பு இல்லன்னு சொன்னேன். இருந்திருக்கும்மா. நான் கருவிய அழுத்திப் பிடிச்சதுல அது அமுங்கி மறைஞ்சிருக்கு. இன்னிக்கு இன்னொரு குழந்தைக்குப் பார்க்கும்போதுதான் எனக்கே தெரிஞ்சுது. அதுலதான் நேரம் போயிடுச்சு."

அவர் என் முகத்தையே பார்த்தார். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"காலைலயே கொண்டு போயிருந்தா பிழைச்சிருக்கும்னு எங்க வீட்ல எல்லாரும் சொல்றாங்க," என்றார். "அப்போ நான் லேட்டா வரலையா டாக்டர்?"

"இல்லம்மா. நேரத்துக்குத்தான் வந்தீங்க."

அவர் பையிலிருந்து போனை எடுத்து, ஒரு எண்ணை அழுத்தி என்னிடம் நீட்டினார்.

"அவர்கிட்டயும் சொல்லுங்க."

வாங்கிக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் அந்தக் குழந்தையின் அப்பா, "பேப்பர வாங்கிட்டியா?" என்று கேட்டார்.