பிடி, விடு

ஓட்டுநர் பள்ளியில் எத்தனையோ பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவளுக்கு, தன் சிரிப்புக்குப் பிரேக் போடத் தெரியவில்லை. வாய்விட்டுச் சிரித்தால் சிறுநீர் கசிந்து உடை நனைந்துவிடும். அதனால் இரண்டு வருடமாக முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டே காலம் தள்ளினாள். கண்டிப்பான ஆசிரியை என்று பெயர் கிடைத்ததுதான் மிச்சம்.

அடுத்த மாதம், கட்டிகள் இருப்பதால், கர்ப்பப்பையை எடுக்கப் போகிறார்கள். அதன்பின் நிலைமை இன்னும் மோசமானால் சிரிப்புக்கே முழுக்குப் போட வேண்டியதுதானோ என்று பயந்தாள். பிசியோதெரபிஸ்ட் ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்பின் அடித்தசைகளை மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும். மூச்சை அடக்காமல் ஐந்து எண்ணி, முழுவதுமாக விட வேண்டும். ஆபரேஷனுக்கு முன்னும் செய்ய வேண்டும், பின்னும் டாக்டர் சொன்னதும் தொடர வேண்டும்.

சிக்னலில் நிற்கும் நேரம் இதற்குத் தோதாக இருந்தது. ஒருநாள் அவளிடம் கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தவள் அவளுடைய நாத்தனார். வாயைத் திறந்தாலே கேலிதான். சிவப்பு விளக்கில் நின்றபோது ஆசிரியை தன்னை மறந்து முணுமுணுத்தாள்.

"பிடி... நல்லா பிடி... இப்ப விடு."

நாத்தனார் கிளட்ச்சை விட்டாள். கார் ஒரு குதி குதித்து, முன்னால் நின்ற வேனை முட்டாத குறையாக நின்றது.

"யாரு உன்ன விடச் சொன்னா?"

"நீங்கதான் அண்ணி சொன்னீங்க!"

"அது எனக்குச் சொன்னதுடி!"

"உங்களுக்கா? நீங்க எதப் பிடிச்சிட்டிருந்தீங்க?"

ஆசிரியைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே மற்றதும் வந்தது. காரை ஓரங்கட்டச் சொல்லி, அழுதபடி எல்லாவற்றையும் சொன்னாள்.

நாத்தனார் முதல்முறையாகக் கேலியை மறந்தாள். "அதான் நான் பேச ஆரம்பிச்சா எழுந்து போயிடுவீங்களா? என்னைப் பிடிக்கலன்னு நெனச்சேன் அண்ணி."

அன்றிலிருந்து தினமும் மூன்று வேளை போன் வந்தது. "பிடிங்க... விடுங்க" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. ஆபரேஷன் முடிந்த பிறகு கனமான வாளியைத் தொடவிடாமல் கூடவே நின்று காவல் காத்தாள். தையல் ஆறும்வரை கேலிக்கும் பூட்டு.

மூன்று மாதம் கழித்து, புது லைசென்ஸோடு அண்ணியை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். அதே சிக்னலில், சேர்த்துவைத்த கேலியை எல்லாம் ஒன்றுவிடாமல் அவிழ்த்துவிட்டாள். ஆசிரியை வயிறு குலுங்கச் சிரித்தாள். பிறகு பயத்தோடு உடையைத் தொட்டுப் பார்த்தாள். கண் மட்டும்தான் நனைந்திருந்தது.

"என்ன அண்ணி, பிடிச்சுதா?"

"எப்பவுமே உன்னைப் பிடிக்கும்டி. கிளட்ச்சை விடு, பச்சை விழுந்துடுச்சு."