இடுப்பைப் பிடித்துக்கொண்டு குதிக்கும் அணில்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. அந்தப் பொய்யை எழுதியது நான். போன மாதம் மாதுங்காவில் ஒரு சங்கத்தில் என் அப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தி வாழ்த்துமடல் வாசித்தார்கள். "உலகமே கொண்டாடும் அந்தக் குதிப்பை வரைந்த கை இது" என்று அதில் ஒரு வரி. அரங்கம் கைதட்டி ஓயவில்லை. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, காப்பி குடித்துக்கொண்டே, அந்த வரியை ஐந்து நிமிடத்தில் எழுதிக்கொடுத்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கே ஒரு சந்தோஷம் வேறு.

எந்தக் குதிப்பு? முப்பது வருஷத்துக்கு முன்பு ஒரு கார்ட்டூன் படம் வந்தது. அதை வைத்து ஒரு வீடியோ கேமும் வந்தது, பாறைக்குப் பாறை தாவித் தாவிப் போகிற வகை. இந்த வருஷம் அந்த கேமைத் தூசி தட்டி, மெருகேற்றி, மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள். படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்தக் கம்பெனிக்கு வக்கீல்கள் அதிகம். கதாநாயகன் ஓர் அணில் இளவரசன் என்று வைத்துக்கொள்ளுங்கள். (அணில் அல்ல. அதற்குமேல் கேட்காதீர்கள்.)

2

தொடக்கம், முதல் முயற்சி:

"தாராவியின் குறுகிய சந்து ஒன்றில், சாக்கடை நாற்றத்துக்கு நடுவே, இசக்கிசெல்வி என்ற ஏழைப் பெண்

வேண்டாம். மாதுங்காவிலிருந்து தாராவிக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் எங்களைப் போன்றவர்கள் அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே மூக்கைப் பிடித்துக்கொள்கிறோம்.

இரண்டாம் முயற்சி:

இசக்கிசெல்விக்கு ஐம்பத்திரண்டு வயது. வீடு தாராவியில். குர்லாவில் ஓர் எம்பிராய்டரி பட்டறையில் பூ டிசைன் வரைகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் கலைச்செல்வி போனைக் கையில் திணித்து, "அம்மா, யே தேக்கோ, இதப் பாரு. நீ சொல்லுவியே அணில் கேம், அத திரும்ப ரிலீஸ் பண்ணியிருக்கான்" என்றாள். இசக்கிசெல்வி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அணில் ஓடியது. ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைக்குத் தாவியது. தாவும்போது அதன் இடது கை இடுப்பைப் பிடித்துக்கொண்டது.

"ஏ, மாரி!" என்றார் இசக்கிசெல்வி.

மாரி என்பது மாரிக்கண்ணன், அவருடைய தம்பி. இந்தத் தொடக்கமே இருக்கட்டும்.

3

செம்பூரில் ஒரு வாடகைக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் அந்த ஸ்டுடியோ இருந்தது. வெளிநாட்டிலிருந்து முக்கியமான படங்கள் கூரியரில் வரும். ஓர் அசைவுக்கும் அடுத்த அசைவுக்கும் நடுவில் வரவேண்டியதையெல்லாம், அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேஜையில் குனிந்து, இங்கே பதினாலு பெண்கள் வரைந்து நிரப்பி அனுப்புவார்கள். என் அப்பா அனந்தகிருஷ்ணன் அங்கே சூப்பர்வைசர்.*

கேம் வேலை வந்தபோது ஒரு சிக்கல் முளைத்தது. படத்தில் அணில் இளவரசன் குதிக்கவே மாட்டான். ஓடுவான், பாடுவான், பறவை முதுகில் ஏறிப் பறப்பான், அவ்வளவுதான். குதிப்பதே பிழைப்பு என்றிருக்கிற கேமில், குதிக்கத் தெரியாத கதாநாயகனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பார்த்து வரைய மாதிரிப் படம் எதுவும் வரவில்லை. அப்பா இசக்கிசெல்வியைக் கூப்பிட்டு, "ஏதாவது குதிக்க வைம்மா. திங்கட்கிழமை கூரியர் போகணும்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார்.

மறுநாள் இசக்கிசெல்வி பதினோரு வயதுத் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஸ்டூல் மேல் ஏற்றி நிறுத்தி, "குதில" என்றார். நாற்பது தடவையாவது குதித்திருப்பான். டவுசரில் பொத்தான் அறுந்துபோயிருந்தது. ஒவ்வொரு தடவையும் இடது கையால் டவுசரைப் பிடித்துக்கொண்டுதான் குதித்தான்.

"கைய எடுல, மூதி."

"எடுத்தா கழண்டுரும்க்கா."

மற்ற பெண்கள் பென்சிலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். இசக்கிசெல்வி சிரிக்காமல் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை அப்படியே வரைந்தார். மொத்தம் பன்னிரண்டு படங்கள்.

[இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் தாண்டிவிடப் பார்த்தேன். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். எட்டு வயது, மே மாத லீவு, அப்பா கூட்டிப்போயிருந்தார். ஆகவே வாழ்த்துமடலில் "வரைந்த கை இது" என்று எழுதியபோது அது யார் கை என்று எனக்குத் தெரியும். மறந்துபோயிற்று என்று எழுதினால் நம்பிவிடுவீர்கள். மறக்கவில்லை.]

* முதல் வரைவில் அப்பாவை 'அவர்' என்றும் இசக்கிசெல்வியை 'அவள்' என்றும் எழுதியிருந்தேன். திருத்திவிட்டேன். இதற்குப் பாராட்டு வேண்டாம்.

4

மறுவெளியீட்டில் என்னென்ன செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வானத்தைப் புதிதாக வரைந்திருக்கிறார்கள். இசையை மறுபடி வாசித்துப் பதிந்திருக்கிறார்கள். பள்ளத்தில் விழுந்து செத்தால் பத்து வினாடி பின்னால் போய் மறுபடி ஆட ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள். புல் நுனியைக்கூட விடாமல் திருத்திய இந்த மகானுபாவர்கள், கடைசியில் ஓடுகிற பெயர்ப் பட்டியலை மட்டும் பழையபடியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அதில் பம்பாய்க்கு ஒரே ஒரு பெயர், அனந்தகிருஷ்ணன்.

கூடவே இலவச இணைப்பாக ஒரு வீடியோ. கம்பெனியின் வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, அணில் ஏன் இடுப்பில் கை வைக்கிறது என்று விளக்குகிறார். அரச குலத்துப் பிள்ளையாம். எந்நேரமும் இடுப்பு வாளைத் தொட்டுக்கொண்டே இருக்குமாம். அந்தக் கம்பீரத்தைக் கொண்டுவரப் பல வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார்களாம். கலைச்செல்வி இதைச் சொல்லி முடிப்பதற்குள் இசக்கிசெல்வி தம்பிக்குப் போன் போட்டுவிட்டார். கோபர்கைரனேயில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மாரிக்கண்ணனோ போனில் விழுந்து விழுந்து சிரித்தார்.

"எக்கா, என் டவுசரு வாளாயிட்டா?"

"சிரிக்காதல. வாய்க்கு வந்தத அளந்து விடுதான், அவன் பேரு அதுல பெருசா இருக்கு. என் பேரு எங்க?"

கம்பெனியின் தளத்தில் ஓர் அறிவிப்பு இருந்தது. பழைய பட்டியலில் விடுபட்டுப்போனவர்கள் எழுதலாம். பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் ஒருவர் மின்னஞ்சலில் உறுதி செய்தால் அடுத்த அப்டேட்டில் பெயர் சேரும். முப்பதாம் தேதி மாலை ஆறு மணி கடைசி. பம்பாயில் வேலை செய்தவர்களுக்கு அப்படி உறுதி சொல்லக்கூடிய ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் வீட்டில், ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

5

இசக்கிசெல்வி மாதுங்காவுக்கு வந்தார். நல்ல புடவை, கையில் மகள் அச்சடித்துக் கொடுத்த கடிதம். நான் காப்பி கொண்டுவந்து வைத்தேன். பொன்னாடை போட்டோ சுவரில் மாட்டியிருந்தது. அவர் போட்டோவைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.

"நீங்க ஒண்ணும் தர வேண்டாம் சார். அந்தக் குதிப்ப நான்தான் வரைஞ்சேன்னு ஒரு வார்த்த எழுதுனாப் போதும்."

"முப்பது வருஷம் கழிச்சு என்னத்துக்கு இதெல்லாம்?" என்றார் அப்பா. "எல்லாரும் வரைஞ்சேள், நான் இல்லேன்னு சொல்லலை. சொல்லிக் குடுத்தது யாரு? சூப்பர்விஷன் இல்லாம படம் வருமோ?"

"குதிக்க நீங்களா சார் சொல்லிக் குடுத்திய?"

அப்பாவின் குரல் உயர்ந்தது. "அவா அனுப்பின ஃபார்ம்ல ஒரே ஒரு கோடுதான் போட்டிருந்தது. ஒரு கோட்டுல பதினாலு பேரை எப்படி எழுதறது, சொல்லு!"

"பதினாலு பேரு கொள்ளாதுதான். பம்பாய்ப் பொண்ணுங்கன்னு எழுதியிருந்தா கொண்டிருக்கும்லா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். இரண்டு பேருமே எதிர்பார்த்தார்கள் என்று இப்போது தோன்றுகிறது. "எனக்கு பிபி இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இசக்கிசெல்வி காப்பியைத் தொடவில்லை. படியிறங்கும்போது திரும்பி, "பாப்பா, நீ அன்னைக்கு ஸ்டூலுக்குப் பக்கத்துல ஒக்காந்து பிஸ்கட்டு தின்னுக்கிட்டு இருந்த" என்றார். அன்று மதியமே இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

6

அப்பாவை வில்லனாக்குகிறேனோ என்று ஒரு சந்தேகம். அப்பா கெட்டவர் இல்லை. பெண்களை ஏழு மணிக்குமேல் வேலையில் இருக்க விடமாட்டார். மழைக்காலத்தில் ஸ்டேஷன் வரை துணைக்கு ஆள் அனுப்புவார். இதை எழுதி வாட்ஸப்பில் இசக்கிசெல்விக்கு அனுப்பினேன். (தாராவி முனிசிபல் பள்ளியில் பத்தாவது வரை தமிழில் படித்தவர். என்னைவிட வேகமாகப் படிப்பார்.) பதில் குரல் செய்தியாக வந்தது: "ஸ்டேஷனுக்கு ஆள் விட்டா, பேர எடுத்துக்கிடலாமா?"

பிறகு இப்படி ஒன்றை எழுதி அனுப்பினேன்:

"மாரிக்கண்ணன் சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவே ஓடும் ரயிலிலிருந்து விழுந்து செத்துப்போனான். அக்காவுக்கு மிஞ்சியது அந்தக் குதிப்பு மட்டும்தான். திரையில் அவன் இன்னும்

உடனே போன் வந்தது.

"என் தம்பிய எதுக்குக் கொன்ன?"

"கதைக்காக..."

"காலைலதான் அவன்கிட்ட பேசுனேன். ரெண்டு பிள்ளையளப் பெத்தவன். அவன் செத்தாத்தான் நான் கோவப்படணுமா? செத்தாத்தான் நீங்க எரக்கப்படுவியளா?" கோபம் வந்தால் அவர் என்னை 'நீங்க' என்பார். "எனக்குத் துக்கம் ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கேன். நான் வரைஞ்சத இன்னொருத்தன் வரைஞ்சான்னு சொல்லுதான், அது எனக்குப் பொறுக்கல. அத எழுது. அழுவாச்சி எழுதாத."

அவர் சொன்னது சரி. துக்கம் என்றால் நமக்குக் கை தானாக ஓடுகிறது. கண்ணீர் வந்துவிட்டால் யார்மேலும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. கோபத்தை எழுதினால் யார்மேல் என்று சொல்லியாக வேண்டும். மாரிக்கண்ணனைக் கொன்ற வரிகளை அழிக்காமல் விட்டிருக்கிறேன். அழித்துவிட்டால் நான் யோக்கியம் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

7

முடிவு ஒன்று. அப்பா இரவெல்லாம் யோசித்து, காலையில் நடுங்கும் விரல்களால் அந்த மின்னஞ்சலை எழுதுகிறார்.

இசக்கிசெல்வி: "ஒங்கப்பாவ நல்லவரா ஆக்கதுக்கு என் கததான் கெடச்சுதா?"

முடிவு இரண்டு. அப்பாவின் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். அவருக்கு வரும் மின்னஞ்சல்களுக்குப் பதில் போடுவது நான்தான். அவர் தூங்கும்போது நானே எழுதி அனுப்பிவிடுகிறேன்.

இசக்கிசெல்வி: "கள்ளக் கையெழுத்துலயா என் பேரு வரணும்? களவாண்டது அவிய. நான் எதுக்குப் பின்வாசல் வழியா வரணும்?"

முடிவு மூன்று. இசக்கிசெல்வி சங்கத்து மேடையில் ஏறி, மைக்கைப் பிடுங்கி

"அத நான் செய்யும்போது செய்வேன். நீ எழுதிச் சொல்லிக் குடுக்க வேண்டாம்."

8

இன்று முப்பதாம் தேதி. மணி நாலு. அப்பா உள்ளே தூங்குகிறார். மின்னஞ்சல் போகவில்லை. ஏழாம் பகுதி வரை முழுதும் ஒன்றாகச் சேர்த்து இசக்கிசெல்விக்கு அனுப்பினேன். இத்துடன் நிறுத்தி, மீதியை வாசகர் முடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாம் என்பது என் திட்டம். இந்த வகைக் கதையில் அது கௌரவமான தப்பித்தல்.

போன் அடித்தது.

"படிச்சேன். நடந்தது நடந்தபடிதான் இருக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். யாரு இந்த இசக்கிசெல்வி?"

கதையில் பெயர்களை மாற்றுவது வழக்கம் என்று விளக்கினேன். அப்பா பெயர், தம்பி பெயர், மகள் பெயர் எல்லாவற்றையுமே கடைசியாகச் சேர்க்கும்போது மாற்றியிருக்கிறேன், உங்கள் பாதுகாப்புக்காகத்தான் என்றேன்.

"எனக்கு என்ன பாதுகாப்பு? நான் என்ன களவாண்டனா?"

அவர் பெயரைப் போட்டால், செம்பூரில் வேலை செய்த அத்தனை பேருக்கும் சூப்பர்வைசர் யார் என்று தெரிந்துவிடும். சங்கத்துக்குத் தெரிந்துவிடும். வாழ்த்துமடலை எழுதியது யார் என்றும் தெரிந்துவிடும்.

"அந்த வெள்ளத் தாடிக்காரனுக்கு என்னத் தெரியாது, விட்டுட்டான். ஒங்கப்பாவுக்குத் தெரியும், விட்டுட்டாரு. நீங்க என்னப் பத்தியே இத்தன பக்கம் எழுதியிருக்கிய, அதுலயும் என் பேரு இல்ல." அவருக்கு மூச்சு வாங்கியது. "முடிவெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம். மொதல்ல என் பேர எழுது. நான் லைன்லயே இருக்கேன்."

போனை மேஜைமேல் வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். ஸ்பீக்கரில் பட்டறை மிஷின்களின் சத்தம் கேட்கிறது. உள்ளே அப்பா எழுந்துவிட்டார், செருப்பைத் தேடுகிறார்.

அந்தக் குதிப்பை வரைந்தவரின் பெயர்