அக்காவின் பென்ஷனும் குட்டை வரிசையும்

நகர மண்டபத்தில் திரண்ட கூட்டத்துக்கு இடம் விட்டுச் சுவர்களே கொஞ்சம் நகர்ந்து நின்றன. சொந்தக்காரர்கள் இருக்கும் விதவைகளுக்கு அரசு பென்ஷன் எதற்கு, நிறுத்திவிடலாமா என்று ஒரு குழு ஊரைக் கூட்டிக் கேட்டது. நிறுத்தினால், ஹாரனின் அக்கா தையல் கடை மாடியில் தனி ராணியாக வாழும் ஒற்றை அறையைக் காலி செய்யவேண்டியதுதான்.

ஹாரன் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். பஸ்ஸில் ஹாரன் பழுதானால் தொண்டையாலேயே லாரிகளை ஒதுங்கவைத்ததால் வந்த பட்டப்பெயர் அது. பேச வந்தவர்களுக்கு இரண்டு வரிசை. முப்பத்துநாலு வருஷம் காலியான பக்கமாக வண்டியை நுழைத்த பழக்கம். யோசிக்காமல் குட்டை வரிசையில் நுழைந்து சீட்டு வாங்கிவிட்டார். பார்த்தால், ‘நிறுத்து’ என்பவர்களின் சீட்டு!

“மாத்திக் குடும்மா.”

“முடியாதுங்க. இந்தப் பக்கம் பேசுங்க, இல்லேன்னா உக்காருங்க,” என்றாள் குமாஸ்தா.

அதே வரிசையில் அவருடைய மாப்பிள்ளை. ‘எங்க வரிப்பணம்’ என்று தினமும் சாப்பாட்டு மேஜையில் பிரசங்கம் செய்பவர். “மாமா, கடைசில நம்ம கட்சிக்கே வந்துட்டீங்களா!” என்று முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார்.

மைக்கைப் பிடித்ததும் ஹாரனுக்கு உடம்பெல்லாம் இன்ஜின்.

“நிறுத்துங்க! இன்னைக்கே நிறுத்துங்க! அக்காவுக்கு நான் இருக்கேன். நான் இருக்கிறது மாப்பிள்ளை வீட்டுல. அவரோட கம்ப்யூட்டர் ரூம்ல கட்டில் போட்டுடலாம். விடியக்காலை நாலு மணிக்கு ரேடியோ வைப்பா, எட்டுத் தெருவுக்குக் கேக்கும். டிவி ரிமோட்டை இடுப்புல செருகிப்பா. நூத்திரண்டு வயசு வரைக்கும் இருப்பா, எங்க வம்சம் அப்படி! சரி, நிறுத்தச் சொல்றவங்க எல்லாம் கை தூக்குங்க. உங்க வீட்டுல எந்த ரூம், யாரோட மாமியார்? இப்பவே எழுதிக்கலாம்!”

ஒரு கைகூட எழவில்லை. குழுத் தலைவரே யாரையோ நினைத்து வியர்த்தார். மாப்பிள்ளை நாற்காலி மேலேயே ஏறிவிட்டார்.

“ஐயா, பெரியம்மா பென்ஷன்ல கை வைக்காதீங்க! வேணும்னா என் வரியைக் கூட்டிக்குங்க!”

கைதட்டலில் கூரை ஓரடி எழும்பி உட்கார்ந்தது. அந்த யோசனையை அங்கேயே கைவிட்டார்கள்.

பின்வரிசையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அக்கா, வாசலில் தம்பியை மடக்கினாள்.

“ஏன்டா, நான் என்ன அவ்வளவு பெரிய பேயா?”

“பாவம் அக்கான்னு ஊரெல்லாம் சொல்லிப் பார்த்தேனே, எவன் காதுல விழுந்துச்சு?”

அவள் முறைத்து முடிப்பதற்குள் மாப்பிள்ளை டாக்சியோடு வந்து, கதவைத் திறந்து பிடித்தார்.

“ஏறுங்க பெரியம்மா, உங்க ரூமுக்கே கொண்டுபோய் விட்டுடறேன்!”