ஃபிரிட்ஜ் கதவில் இருந்த நாலு பேர்

ஊழிய விடுப்பு என்று அதற்குப் பெயர் வைத்த மகராசனைப் பிடித்துவந்து, ஹாரனின் வேனில் ஒரே ஒரு வாரம் உட்கார வைத்திருக்க வேண்டும். எலும்பை எண்ணிப் பையில் போட்டுத்தான் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். மிஷனரிகள் எங்கேயோ கடல் தாண்டி ஒரு மலையில் நான்கு வருடம் ஊழியம் செய்வார்கள். ஐந்தாம் வருடம் ஊருக்கு வந்து ஓய்வெடுப்பார்கள். ஓய்வு என்றால் எப்படி? தங்களுக்காக ஜெபிக்கிற சபைகளுக்கெல்லாம் ஊர் ஊராகப் போய், படம் காட்டி, சாட்சி சொல்லி, சபையார் வீட்டில் சாப்பிட்டு, அந்த வீட்டுப் பிள்ளைகளின் குட்டிக் கட்டிலில் முழங்காலை மோவாயில் முட்டுக்கொடுத்துத் தூங்கி, விடிந்தால் அடுத்த ஊர். இதற்கு அந்த மலையிலேயே இருந்து பாறை உடைத்திருக்கலாம்.

ஹாரன் முப்பத்தாறு வருடம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற அன்று பஸ்ஸில் இருந்த ஹாரனைக் கழற்றி இவர் தொண்டையில் மாட்டிவிட்டார்கள் என்று சபையில் சொல்வார்கள். அப்படி ஒரு குரல். அவர் கிசுகிசுத்தால் மூன்றாம் தெருவில் பதில் வரும். மனைவி போய்ச் சேர்ந்து பல வருடம் ஆயிற்று. இருந்த ஒரே மகளையும் மிஷனரிக்குக் கட்டிக்கொடுத்து, பிறகு மலைக்கும் அனுப்பிவிட்டு, நான்கு வருடமாகச் சமையலறைக் குழாயோடு பேசிக்கொண்டிருந்தார். மகள் குடும்பம் விடுப்பில் வருகிறது என்று கடிதம் வந்ததும் ஒரு பழைய வேனை வாங்கினார். சபைச் சுற்றுக்கெல்லாம் தானே ஓட்டுவதாக அறிவித்தார். அந்த வேன் மேடு ஏறும்போது இருமுகிற இருமலைக் கேட்டு, வழியில் இருக்கும் ஆஸ்பத்திரிகளில் கட்டிலைத் தயார் பண்ணுவார்கள்.

"தாத்தா, முதல்ல உங்க வேனுக்கு ஞானஸ்நானம் குடுங்க. பழைய பாவமெல்லாம் புகையா வருது," என்பாள் பத்து வயதுப் பேத்தி.

"முங்குனா எந்திரிக்காதே கண்ணு, அதான் யோசிக்கிறேன்."

மாப்பிள்ளை முன்சீட்டில் சிரிக்காமல் சிரிப்பார். மகள் பின்சீட்டில் ஜன்னலைப் பார்ப்பாள். பேத்திக்குப் பக்கத்தில் ஒரு இடம் காலியாக இருக்கும். அதில் படம் காட்டும் பெட்டியை வைத்திருந்தார்கள். போகும்போது நாலு பேராகப் போனவர்கள் மூன்று பேராகத்தான் திரும்பியிருந்தார்கள்.

சின்னவனுக்கு வாலு என்று பெயர் வைத்ததே ஹாரன்தான். ஐந்து வயதில் அந்த மலையில் காய்ச்சல். மழையில் பாதை அறுந்துபோய், மருந்து இரண்டு நாள் தள்ளி வந்தது. பிள்ளை காத்திருக்கவில்லை. அதே மழையில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து, புகைப்பட ஆல்பமெல்லாம் கூழாகிப் போயிற்று. மாப்பிள்ளை சபைகளில் காட்டும் எண்பது படங்களில் மலை உண்டு, ஆறு உண்டு, பள்ளிக்கூடம் உண்டு. ஒரு இடத்தில் நிற்காத வாலு மட்டும் எதிலும் இல்லை. பதினேழாவது படத்தில், ஓரத்தில், ஓடிப்போகிற ஒரு குதிகால் மட்டும் தெரியும். மாப்பிள்ளை மற்ற படங்களை மளமளவென்று தள்ளுவார். பதினேழில் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றுவிடுவார். ஏன் நிற்கிறார் என்று சபைக்குத் தெரியாது.

ஆனால் வாலு முழு முகமாக ஒரு இடத்தில் இருந்தான். ஜெப அட்டையில்.

மிஷனரி குடும்பம் புறப்படுமுன் உள்ளங்கை அளவில் அச்சடித்து எல்லா வீட்டுக்கும் கொடுக்கிற அட்டை அது. குடும்பப் படம், கீழே 'எங்களுக்காக ஜெபியுங்கள்' என்று ஒரு வரி. வாங்கியவர்கள் ஃபிரிட்ஜ் கதவில் மாட்டி வைப்பார்கள். அந்தப் படம் எடுத்த அன்று மூன்று வயது வாலு ஸ்டுடியோவையே தலைகீழாக்கிவிட்டான். கடைசியில் ஹாரன் கேமராக்காரருக்குப் பக்கத்தில் நின்று, பஸ் ஹாரன் மாதிரி ஒரு 'பாம்ம்ம்' விட்டார். ஸ்டுடியோக் கண்ணாடி அதிர்ந்தது. கேமராக்காரருக்கு மூன்று நாள் காது கேட்கவில்லை. வாலு மட்டும் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அட்டையில் மூன்று பேர் உலகத்தைப் பார்க்கிறார்கள். நாலாவது ஆள் தாத்தாவைப் பார்க்கிறான்.

பிள்ளை போனதும் மிஷன் அலுவலகம் மூன்று பேர் உள்ள புது அட்டை அடித்தது. கையிருப்பில் இருந்த பழையதைக் கழித்துக் கட்டியது. வீடுகளில் இருந்தது மட்டும் அங்கங்கே மிச்சம்.

மகள் வந்து இறங்குவதற்கு முந்தின நாள், ஹாரன் தன் வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து அட்டையை எடுத்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடினார். 'வந்ததும் வராததுமா அவ கண்ணுல படக்கூடாது' என்று நினைத்தார். நல்ல எண்ணம்தான். அதோடு விட்டாரா?

முதல் சபை. ஒரு தையல்காரம்மா வீட்டில் தங்கல். பெட்டி சாமான்களை மற்றவர்கள் இறக்குவதற்குள் ஹாரன் உள்ளே போனார். வாழைப்பழக் காந்தத்துக்கு அடியில் அட்டை. வாலு நேராக இவரைப் பார்த்துச் சிரித்தான். அடுத்த நொடி அட்டை சட்டைப் பைக்குள் இருந்தது.

அன்றிலிருந்து அதுவே வேலை. வேன் நின்றதும் முதல் ஆளாக இறங்கி, "என்னம்மா இது, உங்க ஃபிரிட்ஜ் சத்தம் வாசல் வரைக்கும் கேக்குது! கம்ப்ரஸர் போகப்போகுது. இருங்க, நான் பாக்கறேன்," என்று முழங்கியபடி சமையலறைக்குள் நுழைவார். ஃபிரிட்ஜைக் கட்டிப்பிடித்துக் காதை வைத்துக் கேட்பார். டாக்டர் தோற்றார். வெளியே வரும்போது சட்டைப் பை ஒரு அட்டை கனத்திருக்கும். மருந்துக்கடைக்காரர் வீட்டில் அவர்கள் இதை நம்பி, "கண்டிப்பா ரிப்பேர் பண்ணிக் குடுத்துட்டுத்தான் போகணும்" என்று ஸ்குரூடிரைவரைக் கையில் கொடுத்துவிட்டார்கள். கௌரவத்துக்காக இரண்டு திருகாணியைக் கழற்றினார். மறுநாள் காலை சமையலறையில் படகு விடலாம் போலிருந்தது. இருந்த ஐஸெல்லாம் உருகி, அதில் பேத்தி காகிதக் கப்பலே விட்டாள்.

இன்னொன்றையும் ஹாரன் கவனித்தார். எந்த வீட்டுக்குப் போனாலும் மகள் உட்காரமாட்டாள். "தண்ணி வேணும்" என்று நேரே சமையலறைக்குப் போய்விடுவாள். "என் பொண்ணா, ஒட்டகமா? வேன் ரேடியேட்டர்கூட இவ்வளவு குடிக்காது," என்று கேலி பண்ணினார். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவாள். முகம் மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே போயிற்று. கேலி பண்ணத் தெரிந்தவருக்கு அது ஏன் என்று கேட்கத் தெரியவில்லை.

சுற்று முடிந்து திரும்புகிற நாள், காலை பத்து மணி. வேன் நடுவழியில் கொதித்துப் பெருமூச்சு விட்டு நின்றது. மாப்பிள்ளையும் பேத்தியும் கேனைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் தேடிப் போனார்கள். வேனில் அப்பாவும் மகளும் மட்டும்.

"அப்பா."

"சொல்லும்மா."

"நான் திரும்பிப் போகல."

ஹாரனின் நெஞ்சு முதல் கியரிலிருந்து நேரே நாலாவதுக்குத் தாவியது. நாலு வருடமாக அவர் முழங்காலில் நின்று கேட்ட ஒரே வரம். வெளியே சொன்னால் பாவம் என்று வாய்க்குள்ளேயே கேட்ட வரம். சும்மாதான் என்று சொல்லிக்கொண்டு மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார். புதுத் தலையணைகூட வாங்கியாயிற்று.

"மாப்பிள்ளை?"

"சொல்லிட்டேன். நீ எங்க இருக்கியோ அங்க நானும்னு சொன்னார். ஆனா ராத்திரியெல்லாம் தூங்கல." அவள் ஜன்னலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "என் பிள்ளைய அந்த மண்ணுல தனியா விட்டுட்டு வந்தேன்பா. சரி, இங்க இவ்வளவு பேர் அவனை நெனச்சுக்கிட்டிருக்காங்க, அவங்களுக்காகப் போவோம்னுதான் இருந்தேன். ஒவ்வொரு வீட்லயும் முதல் வேலையா சமையலறைக்குப் போய்ப் பாத்தேன். அந்தப் பழைய அட்டை இருக்கான்னு. இருபத்து மூணு வீடு. ஒரு கதவுலகூட இல்ல. கரண்ட் பில் இருக்கு, பால்காரன் நம்பர் இருக்கு, என் பிள்ளை இல்ல. கழட்டி எறிஞ்சுட்டாங்க. கேட்டா 'தேவ சித்தம்'னு சொல்லிட்டு, அடுத்த வார்த்தை 'இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க'. இவங்க ஜெபத்தை நம்பியா நான் மறுபடி போவேன்?"

ரேடியேட்டர் உஸ்ஸென்றது. ஹாரனின் சீட்டுக்கு அடியில் பிஸ்கட் டின் இருந்தது. அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: வாயை மூடிக்கொண்டிருப்பது. பிறந்ததிலிருந்து அவர் செய்யாத ஒரே வேலை. மூடினால் மகள் மாடியில் இருப்பாள். பேத்தி தெருமுனைப் பள்ளிக்கூடத்துக்குப் போவாள். சமையலறைக் குழாய்க்கு ஓய்வு கிடைக்கும். அவர் மூடினார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். ஜென்மத்துக்கும் அதுதான் சாதனை.

"அந்தத் தையல்கார அக்காவும்," என்றாள் மகள். "எப்படி அழுதாங்க வாசல்ல! எல்லாம் நடிப்பு."

ஹாரனுக்கு அங்கேதான் பொறுக்கவில்லை. அந்த வீட்டு அட்டையின் பின்பக்கம் அவருக்கு மனப்பாடம்.

"அந்தம்மா மேல பழி போடாத," என்றார். குரல் முதல் தடவையாக வேனைத் தாண்டவில்லை. குனிந்து டின்னை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

மூடியைத் திறந்தாள். மேலாக இருந்த அட்டையிலிருந்து வாலு சிரித்தான். அதற்கடியில் இன்னொரு வாலு. அதற்கடியில் இன்னொன்று.

அவள் கத்தவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பினாள். ஒன்றில் எண்ணெய்க் கை பட்டு மூலை கண்ணாடியாகியிருந்தது. ஒன்றில் யார் வீட்டுப் பிள்ளையோ மாப்பிள்ளைக்கு மீசை வரைந்திருந்தது. மருந்துக்கடைக்காரர், மாத்திரைக் கவரில் எழுதுவது மாதிரியே, 'காலை ஒன்று, இரவு ஒன்று' என்று ஜெப நேரம் குறித்திருந்தார். ஒரு டீச்சர் ஜெபித்த நாளுக்கெல்லாம் சிவப்பு மையில் சின்னச் சின்ன டிக் போட்டு, இடம் போதாமல் ஓரமெல்லாம் சுற்றிப் போயிருந்தார். தையல்காரம்மா அட்டையின் பின்னால் சாக்பீஸ் தூள் படிந்த எழுத்தில் ஒரு தேதி. வாலு போன தேதி. கீழே, 'சின்னவன் அம்மாவுக்காக இனி ரெண்டு தடவை' என்று இருந்தது.

"எதுக்குப்பா?"

"நீ பாத்தா தாங்கமாட்டியேன்னு..."

"எனக்காகவா எடுத்தீங்க?"

"ஆமா."

"பொய்."

ஹாரன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னையே பாக்குறாம்மா," என்றார். "எந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சாலும், எல்லாரும் எங்கியோ பாக்குறாங்க. அவன் மட்டும் என்னையே பாக்குறான். ஹாரன் அடி தாத்தாங்கற மாதிரி. என்னால முடியல."

அப்போதுதான் அவள் அழுதாள். விடுப்பு தொடங்கிய நாளிலிருந்து சேர்த்து வைத்ததெல்லாம் உடைந்து வந்தது. நடுவில், "எத்தனை வீட்லப்பா... தாகமே இல்லாம தண்ணி குடிச்சுக் குடிச்சு..." என்று சொல்லி அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரிப்பு மறுபடி அழுகையாயிற்று. அவர் தோளில் ஒரு அடி அடித்தாள். அந்தத் தோளிலேயே சாய்ந்துகொண்டாள்.

கேனோடு வந்த மாப்பிள்ளை அவள் மடியைப் பார்த்தார். கேனை ரோட்டோரமாக வைத்துவிட்டு, ஒரு அட்டையை எடுத்து, பதினேழாவது படத்தில் நிற்கிற மாதிரி நின்றார்.

பிறகு வேன் கிளம்பி, ஊர் கண்ணில் படும்போது மகள் சொன்னாள்: "இதெல்லாம் அந்தந்த வீட்ல திரும்ப இருக்கணும்பா. ஒண்ணு மாறக்கூடாது."

"சரிம்மா."

"நாங்க போறோம்."

"தெரியும்மா," என்றார் ஹாரன். அதைச் சொல்லும்போது எதிரில் வந்த லாரிக்கு வழிவிடுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எதிரில் லாரி எதுவும் வரவில்லை.

புறப்படுகிற அன்று அவள் டின்னை எண்ணிப் பார்த்தாள். இருபத்து நாலு. "ஒண்ணு கூட இருக்கே?"

"அது நம்ம வீட்டு அட்டை. நீ எடுத்துக்கோ. அங்க உன்கிட்ட ஒண்ணும் இல்லியே."

"உங்களுக்கு?"

"எனக்கென்ன, இருபத்து மூணு வீட்ல இருக்கான் என் பேரன். உங்க மிஷன் தலைவருக்குக்கூட அவ்வளவு வீடு கிடையாது."

அவர்கள் போன மறுவாரம் வேன் தனியாக இருமிக்கொண்டு கிளம்பியது. ஹாரன் வீடு வீடாகப் போய் அட்டையைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டார். சிலர் ஃபிரிட்ஜை நகர்த்திப் பின்னாலெல்லாம் தேடியதாகச் சொன்னார்கள். மருந்துக்கடைக்காரர் அட்டையை வாங்கிக்கொண்டு, "ஃபிரிட்ஜ் பக்கம் மட்டும் போயிடாதீங்க, நானே மாட்டிக்கிறேன்," என்று கையெடுத்துக் கும்பிட்டார். திரும்பி வந்தால் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு உள்ளங்கை அளவு இடம் மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். குழாயைத் திறந்து, "என்ன பாக்குற?" என்பார்.

கடைசியாகத் தையல்காரம்மா வீடு. அந்தம்மா அட்டையை வாங்கி, வாழைப்பழக் காந்தத்தை எடுத்து, பழைய இடத்திலேயே வைத்தார்.

"நீங்க எடுத்ததை அன்னிக்கே பாத்தேன் அண்ணே," என்றார்.

"பாத்துட்டு ஏம்மா சும்மா இருந்தீங்க?"

"தாத்தா பேரனை எடுத்துக்கிட்டுப் போறாரு. நான் என்னன்னு கேக்குறது?"

ஹாரன் ஃபிரிட்ஜைப் பார்த்தார். கதவிலிருந்து வாலு அவரையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் தண்ணி வேணும்," என்றார் கடைசியில்.

அந்தம்மா ஒரு சொம்பை எடுத்து விளிம்பு வரை ஊற்றி அவர் கையில் கொடுத்தார். "மெதுவா குடிங்க அண்ணே, அவசரமில்ல," என்று சொல்லிவிட்டு, சமையலறைக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு வெளியே போனார்.