பயில்வானுக்கு ஒரு வாரிசு

சாஜிதா கதவைத் திறந்தபோது சலவை டப்புக்குள் கலவரம் நடந்துகொண்டிருந்தது. பம்மலில் கடைசி பஸ்ஸுக்கு நடக்கும் அடிதடியெல்லாம் இதன் முன்னால் பஜனை. ரத்தம் கூரைவரை தெறித்திருந்தது, சரி, சுவர்வரை.

"நான் இன்னா மேடம் பண்றது? ஆயுத பூஜைக்குக் கூண்டெல்லாம் கழுவணும். அண்ணன் தம்பிங்கதானே, ஒண்ணா கெடக்கட்டும்னு வுட்டேன்," என்றான் எலிகளைப் பராமரிக்கும் சம்பத், துடைப்பத்தோடு மேஜைமேல் ஏறி நின்றபடி.

தனித்தனியாக வளர்ந்த ஆண் எலிகளுக்கு ஏது அண்ணன், ஏது தம்பி!

தாம்பரத்துக்குத் தெற்கே இருந்த அந்த ஆராய்ச்சிக்கூடத்தில், தொண்ணூற்று நான்கில், ஓர் எலி வம்சம் இருந்தது. கருவிலேயே ஒரு வைரஸின் மரபணுவைச் செலுத்தி உண்டாக்கியது. அதைச் சுமக்கும் எலிக்கு மூளையில் தானாகவே கட்டி வளரும். அதைச் சுமப்பவர்களில் மிஞ்சியவன் பயில்வான் மட்டும்தான். உடன்பிறந்தவர்களுக்கு அந்த மரபணு வரவில்லை. பயில்வான் என்பது கேலிப் பெயர். தலை கொழுக்கட்டையாய் வீங்கி, இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி வரும் நோஞ்சான். கட்டி கொல்வதற்குள் அவன் ஒரு பெட்டையோடு சேர்ந்தாக வேண்டும். இல்லையென்றால் வம்சமும் போச்சு, சாஜிதாவின் டாக்டர் பட்டமும் போச்சு.

டப்பில் ஒரு வால் தனியாகக் கிடந்தது. இரண்டு எலிகள் குடல் சரிந்து மல்லாந்திருந்தன. இருப்பதிலேயே கொழுத்த அண்ணன்காரன் பயில்வானின் பிடரியைக் கவ்வி, துணி உதறுவதுபோல் உதறிக்கொண்டிருந்தான். சாஜிதா வெறுங்கையை உள்ளே விட்டாள். ஒருவன் அவள் கட்டைவிரலில் எலும்புவரை பல்லை இறக்கித் தொங்கினான். உதறினாள், சுவரில் மோதி விழுந்தான். சம்பத் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தான். கொழுத்தவன் பிடியை விடவில்லை.

அவள் அவன் கழுத்தை விரலால் அழுத்தி, வாலைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். மளுக். வாய் திறந்தது.

சம்பத் மெல்ல மேஜையிலிருந்து இறங்கினான். "சாவப்போறத காப்பாத்த, நல்லா கீறத கொன்னுட்டியே மேடம்."

"இவனுக்குக் குட்டி பொறக்கணும், அண்ணா."

"பொறந்தா?"

"அதுங்கள்ல பாதிக்கும் இந்தக் கட்டி வரும்."

சம்பத் கழுவிய கூண்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். அதில் ஏற்கெனவே சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தான். உள்ளே ஒரு பெட்டை மூலையில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது. சாஜிதா பயில்வானை இறக்கிவிட்டாள். அவன் எழுந்தான், சாய்ந்தான், மறுபடி எழுந்து இடப்பக்கமாகச் சுற்றத் தொடங்கினான். வெள்ளை மரத்தூளில் சிவப்பாய் ஒரு வட்டம் விழுந்தது. பெட்டை தலையைத் தூக்கி மோந்து பார்த்து, அந்த வட்டத்தின் விளிம்புவரை வந்து நின்றது.