முகவாய் சொன்ன பதில்

விடியும் முன்பே எலிசபெத் தெருவில் ஐஸ் வண்டிகள் உருளத் தொடங்கிவிட்டன. வீட்டில் பிசிர் வெட்டிய சட்டைக்கைகளைக் கட்டாகத் தோளில் போட்டுக்கொண்டு நுன்சியா கிளம்பும்போது, துரித்து என்கிற அவள் புருஷன் கட்டிலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தான். நியூயார்க் நகரத்துக்கு அடியில் ரயில் ஓட மண் தோண்டியவன். ரயில் ஓடுகிறது. தோண்டியவனால் மாடிப்படி ஏற முடியவில்லை.

அவள்தான் ஏற வேண்டும். பட்டறை ஐந்தாவது மாடியில். எல்லாரும் உள்ளே வந்ததும் மேஸ்திரி கலோஜெரோ கதவைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

நீள மேசையில் அறுபது தையல் எந்திரங்கள். அத்தனையையும் ஓட்ட மேசைக்கடியில் சுழலும் ஒரே இரும்புத் தண்டு. உட்கார வைப்பதிலும் முதலாளி செல்னிக் ஒரு யுக்தி வைத்திருந்தார்: ஒரு சிசிலிக்காரி, ஒரு யூதப் பெண், மறுபடி ஒரு சிசிலிக்காரி. பக்கத்தில் இருப்பவளின் பாஷை புரியாவிட்டால் வாய் ஓடாது, கை ஓடும்.

இரண்டு வருடமாகச் சிசிலிக்காரி நுன்சியாவும் யூதப் பெண் ஃப்ரூமாவும் முழங்கை உரசத் தைக்கிறார்கள். இவள் ஆலிவ் காய் நீட்டுவாள், அவள் உப்பில் ஊறிய வெள்ளரிக்காயில் பாதி தருவாள். அவ்வளவுதான் பேச்சு.

போன வாரம் ஃப்ரூமாவின் விரலை ஊசி துளைத்து மறுபக்கம் வந்தது. வைத்தியரிடம் ஓடலாமென்றால் கதவு பூட்டியிருந்தது. கலோஜெரோ பீர் குடிக்கக் கீழே போயிருந்தான், சாவியும் அவனோடு போயிருந்தது. அரை மணி நேரம் இரத்தம் சொட்டியது. செல்னிக் வந்ததும் முதலில் பார்த்தது துணியைத்தான்.

கதவு திறந்தே இருக்க வேண்டும் என்று புதுச் சட்டம் வந்திருந்தது. அதிகாரி சோதனைக்கு வந்த அன்று திறந்துதான் இருந்தது. அவர் படியிறங்கும் சத்தம் ஓயுமுன் பூட்டு விழுந்தது.

இன்று தண்டு சுழலுமுன் ஃப்ரூமா கட்டுப்போட்ட விரலோடு நுன்சியா பக்கம் திரும்பினாள். கதவைக் காட்டினாள். காற்றில் சாவியைத் திருப்பினாள். உள்ளங்கையை மேலே உயர்த்தினாள். எழுந்து நிற்கப் போகிறோம், நீயும் வருகிறாயா?

நுன்சியாவுக்குப் புரிந்தது. துரித்துவின் இருமலும் காதில் கேட்டது. முகவாயைத் தூக்கி, நாக்கைத் தட்டி, "ப்ச்" என்றாள். அவள் ஊரில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும், அதற்கு 'மாட்டேன்' என்று அர்த்தம்.

ஃப்ரூமாவின் முகம் மலர்ந்தது. இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

"ஏ அகதா! மாட்டேன்னேன், முத்தம் குடுக்கிறாளே!"

ஓரிடம் தள்ளியிருந்த அகதா சிரித்தாள். "அவ ஊர்ல முகவாயத் தூக்கினா 'சரி'ன்னு அர்த்தமோ என்னமோ! போய்ச் சொல்லித் தொலை."

எப்படிச் சொல்வது? அதற்குள் தண்டு உறுமத் தொடங்கிவிட்டது.

பத்து மணிக்கு ஃப்ரூமா பெடலிலிருந்து காலை எடுத்து எழுந்தாள். ஒருவர் பின் ஒருவராக யூதப் பெண்கள் எல்லாரும் எழுந்தார்கள். ஒன்று விட்டு ஒன்று பல் உடைந்த சீப்பு மாதிரி இருந்தது மேசை.

செல்னிக் தன் அறையிலிருந்து வெளியே வந்து கத்தினார். கலோஜெரோ அதைச் சிசிலிக்காரிகளுக்கு அவர்கள் பாஷையில் சொன்னான். "முதலாளி கேக்கறாரு, உங்களுக்கும் கொழுப்பான்னு."

"கொழுப்பா? எங்க உடம்புலயா?" என்றாள் அகதா. "எங்கயாவது இருந்தா நீயே தேடிக் குடு, மேஸ்திரி."

ஃப்ரூமா செல்னிக்கிடம் ஏதோ சொல்லி நுன்சியாவைக் காட்டினாள். முதலாளி சொன்னதைக் கேட்டுக்கொண்டு கலோஜெரோ நுன்சியாவிடம் குனிந்து குழைந்தான்.

"நுன்சியாக்கா, நீயும் சேர்றேன்னு சொன்னியாம். இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும். ஜன்னல் பக்கம் இடம் போடறாராம். துரித்து அண்ணனுக்கு வீட்லயே பொத்தான் தைக்கிற வேலையும் தர்றாராம்."

பொய் சொல்லக்கூட வேண்டாம், உண்மையைச் சொன்னால் போதும். நுன்சியா ஃப்ரூமாவைப் பார்த்தாள். விரல்கட்டில் மறுபடி சிவப்பு ஊறியிருந்தது. அவள் கண்ணில் துளிச் சந்தேகமும் இல்லை. அதைத்தான் நுன்சியாவால் தாங்க முடியவில்லை.

எழுந்திருப்பதற்கே அலுப்பாக இருந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"கதவத் திற, மேஸ்திரி."

"விளையாடாதக்கா. உக்காருவியா, மாட்டியா? அவர்கிட்டயே சொல்லு."

நுன்சியா செல்னிக்கை நேராகப் பார்த்தாள். முகவாயைத் தூக்கினாள். "ப்ச்."

செல்னிக்கின் முகம் மலர்ந்தது. வெகு மரியாதையாக அவள் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. கலோஜெரோ தலையைச் சொறிந்துகொண்டே அவர் காதில் ஏதோ சொன்னான். சிரிப்பு வடிந்துபோய் முதலாளி நாற்காலி முதுகைப் பிடித்தபடி நின்றார்.

அந்த முகம் மாறியதைக் கண்டதும் ஃப்ரூமாவுக்கு விளங்கியது. சட்டென்று நுன்சியா பக்கம் திரும்பினாள். அப்படியானால் காலையில்? நுன்சியா தலை குனிந்தாள்.

ஃப்ரூமா வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு செல்னிக் பக்கம் திரும்பி, பழக்கமில்லாத முகவாயைச் சிரமப்பட்டுத் தூக்கினாள். "ப்ச்!"

அகதா எழுந்தாள். "ப்ச்." அவளுக்கு அடுத்தவள். அதற்கும் அடுத்தவள். மேசையின் இடைவெளிகள் ஒவ்வொன்றாக நிரம்பின. தைக்க ஆளில்லாமல் தண்டு மட்டும் வீணாகச் சுழன்றது.

கலோஜெரோவின் கை சாவிப் பைமேல் இருந்தது. அவன் சாவியை எடுக்கவும் இல்லை, கையை விலக்கவும் இல்லை.

நுன்சியாவுக்குக் கால் கடுத்தது. ஃப்ரூமா தோள் கொடுத்தாள், இவள் சாய்ந்துகொண்டாள். கதவு இன்னும் பூட்டியே இருந்தது. ஒருத்தியும் உட்காரவில்லை.